பாறை மேட்டில் நின்ற காற்று

மலை மடத்தில் படுத்த படுக்கையாக எட்டு நோயாளிகள் இருந்தார்கள். மடத்தை நடத்தியவர் பூரணி அம்மை. அவருடைய சீடர் தணிகாசலம், அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உர ஆலையில் முப்பது வருடம் குழாய்களைப் பார்த்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

சுனையிலிருந்து மடத்துக்குப் புது இரும்புக் குழாயை அவர்தான் போட்டார். மூன்றாம் வாரம் தண்ணீர் நின்றுவிட்டது.

குழாய் போகும் வழியில் அவரைக்காய்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளையன், இரண்டு நாள் சுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து கொடுத்தார். மூன்றாம் நாள் தணிகாசலம் அவரை வாசலில் மறித்தார்.

"குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பிட்டு, இங்க குடம் தூக்கிட்டு வர்றியா?"

வெள்ளையன் குடத்தை இறக்கி வைத்தார். திரும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அம்மை கேட்டார்: "குழாயைப் பார்த்தீங்களா?"

"சுனை நிரம்பி வழியுதும்மா. இங்க ஒரு சொட்டு இல்லை. நடுவுல யாரும் எடுக்காம எப்படி?"

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

இருவரும் குழாயோடு நடந்தார்கள். எங்கும் உடைப்பு இல்லை. அவரைத் தோட்டத்து மண் தண்ணீர் காணாமல் வெடித்துக் கிடந்தது. தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

ஓரிடத்தில் குழாய் பாறை மேட்டில் ஏறி இறங்கியது. அம்மை ஒரு கல்லால் தட்டினார். அடிவாரத்தில் சத்தம் கனமாக இருந்தது. உச்சியில் காலிக் குடம் போல ஒலித்தது.

தணிகாசலம் ஸ்பேனரை எடுத்து உச்சியிலிருந்த மூடியைத் தளர்த்தினார். காற்று சீறியது. பிறகு நுரையும் தண்ணீருமாகத் துப்பியது. கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் மட்டும் வந்தது. மூடியை இறுக்கினார்.

"தண்ணியோட காத்தும் கலந்துதாம்மா வரும். குமிழ் குமிழா மேட்டுல சேர்ந்து வழியை அடைச்சுக்கும். ஆலையில தண்ணி நின்னா முதல்ல மேட்டுக்குத்தான் ஓடுவேன். இங்க ஏன் எனக்குத் தோணலை?"

"இது நீங்க போட்ட குழாய்" என்றார் அம்மை.

தணிகாசலம் நேராகத் தோட்டத்துக்குப் போனார். வெள்ளையன் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"உங்கமேல பழி போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"சீக்காளிங்களுக்குத் தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அப்ப சரி." வெள்ளையன் நிமிராமல் அடுத்த செடியைப் பிடுங்கினார்.

சாயங்காலம் தணிகாசலம் அம்மையிடம் வந்தார்.

"அந்த மேட்டை வெட்டி எறிஞ்சிடறேம்மா. குழாய் மட்டமாயிட்டா காத்து தங்கவே தங்காது."

"எத்தனை நாள் ஆகும்?"

"பாறையாச்சே. ஒரு வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும்?"

தணிகாசலம் யோசித்தார். "தினம் காலையில போய் மூடியைக் கொஞ்சம் திறந்து விடணும்."

"அதைச் செய்யுங்க" என்றார் அம்மை.