மழுங்கல் கத்தியும் சேனைக்கிழங்கும்

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்கிற சீமையை இளவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் ஏன் போட்டோம் என்று அவருக்கே விளங்காது.

ஒருநாள் மாங்காய் தின்னும் ஆசை வந்து, யாரையும் கூப்பிடாமல் தானே அடுக்களைக்குப் போனார். கத்திகள் குவிந்து கிடந்த கூடைக்குள் கையை விட்டார். விரல் கிழிந்துவிட்டது. அந்த வலியில் அவருக்கு உதித்த யோசனையைப் பாருங்கள்: அரண்மனைக் கத்திகள் அத்தனையையும் கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டுமாம். மழுங்கின கத்தி யாரை வெட்டும் என்று கேட்டார். களஞ்சிய அதிகாரி வீரபாகு, இதுவல்லவோ மதி என்று தலையாட்டினார். அவருக்கென்ன, வாழ்நாளில் ஒரு வெங்காயம் நறுக்கியிருப்பாரா?

அப்புறம் நடந்ததுதான் கூத்து. காய் நறுக்குகிற ஒவ்வொருவர் கையிலும் கட்டு. ராஜாவுக்குத் தலை சுற்றியது. கூர் இருந்தபோது ஒரே ஒரு விரல், கூர் போனபிறகு அடுக்களை முழுக்க ரத்தம் என்றால் இது என்ன மாயம்? ஜோசியரைக் கேட்டார். அவரும் சேர்ந்து குழம்பினார். வைத்தியரைக் கேட்டார். மஞ்சள் தீர்ந்துபோச்சு என்றார் அவர்.

வீரபாகுவுக்குத் தலைமைச் சமையல்காரி சடையம்மையைக் கண்டாலே ஆகாது. களஞ்சியத்து நெய்யில் அவர் கைவைத்ததை அவள் ஒருமுறை சபையிலேயே போட்டு உடைத்திருந்தாள். இதுதான் சமயமென்று ராஜாவின் காதில் ஓதினார்: அவள் திருட்டுத்தனமாகத் தீட்டுகிறாள், அதனால்தான் வெட்டுகிறது. ராஜா அதையும் நம்பினார். பொழுது சாய்வதற்குள் சடையம்மை எல்லை தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அந்த அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அழக்கூடத் தோன்றாமல் திகைத்து நின்றாள், பாவம்.

மந்திரி பூதலிங்கம் எழுந்து, ஒரு கறி நறுக்குகிற நேரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். பெரிய சேனைக்கிழங்கு ஒன்றும் இரண்டு கத்திகளும் வந்தன. ஒன்று உத்தரவுப்படி மழுக்கினது. மற்றது மந்திரி வீட்டில் அன்று காலை தீட்டினது.

"மகாராஜா, கிழங்கை வீரபாகு பிடித்துக்கொள்ளட்டும். சடையம்மை வெட்டட்டும். எந்தக் கத்தியால் என்று அவரே சொல்லட்டும்."

வீரபாகு சிரித்துக்கொண்டே மழுங்கலைக் காட்டினார். சடையம்மை அதைக் கிழங்கில் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இரண்டு கையையும் கொடுத்து உடம்புப் பாரம் முழுவதையும் ஏற்றினாள். கத்தி சர்ரென்று சறுக்கி அவருடைய கட்டைவிரலை உரசிக்கொண்டு போனது. வீரபாகுவின் முகம் வெளிறிவிட்டது. அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அது வேண்டாம் தாயே," என்றார் வீரபாகு. "தீட்டினதையே எடு."

தீட்டின கத்தி வைத்த இடத்தில் அலுங்காமல் இறங்கியது.

ராஜாவுக்குக் குழப்பம் இன்னும் ஏறியது. மந்திரியைக் கேட்டார்: "அப்படியானால் என் விரலை வெட்டினதும் கூரான கத்திதானே ஐயா?"

"அது உங்களைத் தேடி வரவில்லை மகாராஜா. உங்கள் விரல்தான் கூடைக்குள் அதைத் தேடிப் போனது. முன்பெல்லாம் சுவரில் ஒரு தேக்குப் பலகை இருந்தது. கத்திக்கு ஒரு பிளவு, பிடி மட்டும் வெளியே தெரியும். அந்தப் பலகை எங்கே போனது என்று வீரபாகுவைக் கேளுங்கள்."

எங்கே போகும்? வீரபாகுவின் வீட்டில் பிளவுகளோடு ஊஞ்சலாக ஆடிக்கொண்டிருந்தது.

பலகை அன்றே சுவருக்கு வரவேண்டும், தினமும் கத்தி தீட்டி அதில் செருகுவது வீரபாகுவின் வேலை, சரியாகத் தீட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது சடையம்மையின் வேலை என்று உத்தரவானது. பிறகு ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்தார்.

"எனக்கு இன்னும் பாதிதான் விளங்குகிறது," என்று சொல்லிக் கிழங்கின்மேல் தன் கையை வைத்தார். "மீதியை நீ நறுக்கு, சடையம்மா. நான் பிடித்துக்கொள்கிறேன்."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.