சுவடிச் சக்கரமும் மஞ்சள் நூலும்

மாறவேள் ராஜாவுக்குப் புதுசாக ஒன்று கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். அவருடைய சுவடிச்சாலையில் நாலாயிரம் ஓலைக்கட்டுகள். "யார் வந்து கேட்டாலும் கேட்ட ஓலை உடனே கைக்கு வரணும்!" என்று ஒரு நாள் உத்தரவு போட்டார்.

மந்திரி நஞ்சப்பர் தேக்கு மரத்தில் ஒரு ராட்சதச் சக்கரம் செய்து நிறுத்தினார். சக்கரம் முழுக்கத் தட்டுகள், தட்டு நிறையக் கட்டுகள். யானை இழுத்தால் போதும், கட்டுகள் சுற்றி வந்து நம் முன்னால் நிற்கும். அடேயப்பா, என்ன கம்பீரம்! உள்ளே இருப்பது இன்னதென்று எழுதி ஒவ்வொரு கட்டிலும் தொங்கிய ஓலை நறுக்குகள்தான் மந்திரி கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டன. அத்தனையையும் அறுத்தெறிந்துவிட்டு, எல்லாக் கட்டுக்கும் ஒரே மாதிரி சிவப்புப் பட்டு சுற்றிவிட்டார்.

முதல் ஆளாக வந்தவள் ஆலடியேந்தல் சடைச்சி.

"சாமி, மந்திரியோட மச்சான் எங்க மடையை அடைச்சிட்டாரு. பயிரு கதிர் வாங்குற நேரம். தண்ணி எங்களுக்குத்தான்னு உங்க தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இங்கதான் இருக்கு."

யானை மூன்று நாள் இழுத்தது. பட்டு வந்தது, பட்டு போனது. ஓலை மட்டும் வரவில்லை.

"ஓலை இல்லையென்றால் உரிமையும் இல்லை" என்றார் நஞ்சப்பர். சடைச்சி அழுதேவிட்டாள்.

அரசவை விகடர் சேந்தனார் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார். "நல்ல சட்டம், அரசே! எல்லோருக்கும் பொதுவாக வைப்போம். மந்திரி குடும்பத்துக்குப் பட்டம் கொடுத்த ஓலையும் இங்கேதானே இருக்கிறது? பொழுது சாய்வதற்குள் அது வராவிட்டால் பட்டம் போச்சு."

"அதற்கென்ன!" என்று நஞ்சப்பர் யானையைத் தட்டினார். சக்கரம் அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். வெடுக்கென்று ஓர் ஓலைக்கட்டை உருவி ராஜா முன்னால் நீட்டினார்.

"எப்படி ஐயா கண்டுபிடித்தீர்?" ராஜாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என் ஓலைக்கட்டில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் நூல்..." என்றவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா முகம் சிவந்துவிட்டது. "ஓகோ! நாலாயிரம் கட்டையும் நீரே அவிழ்த்துப் படித்து நறுக்கு கட்டும். மச்சானையும் கூட்டிக்கொள்ளும். சடைச்சி கேட்ட ஓலை கிடைக்கிறவரை அவள் ஊர் மடை திறந்தே கிடக்கட்டும்!"

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். ராஜா சேந்தனார் பக்கம் திரும்பினார்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும், கேளும்."

"அந்த யானையை ஆலடியேந்தலுக்குக் கொடுத்துவிடுங்கள், அரசே. கண்மாய்க் கரைக்கு மண் மிதிக்கட்டும்."

"யானைதானா? ஏன்?"

"என்ன செய்வது? இந்தச் சுவடிச்சாலையில் தேடாமலே கண்ணில் படுவது அது ஒன்றுதானே!"