மோட்டார் வைத்த குட்டைச் சைக்கிள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் அமலோற்பவம் என்று ஒரு மீன்காரி இருந்தாள். ஆள் மூன்றரை அடி, வாய் மட்டும் ஏழடி. கடையில் விற்கிற எந்தச் சைக்கிளிலும் அவளுக்குக் கால் எட்டாது. அதனால் வெல்டிங் பட்டறையில் சொல்லித் தன் உயரத்துக்கு ஒன்று செய்துகொண்டாள். வெயில் ஏறுவதற்குள் மீன் போய்ச் சேர வேண்டுமே என்று அதில் ஒரு சின்ன மோட்டாரும் வைத்தாள்.

ஊருக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஆறடி ஆள். டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி அவளை மறித்தார்.

"லைசென்ஸ் எங்க?"

"சைக்கிளுக்கு ஏது சார் லைசென்ஸ்?"

"மோட்டார் வச்சா அது சைக்கிள் இல்ல. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது குத்தம். ஸ்டேஷனுக்கு ஓட்டு, நான் பின்னால வர்றேன்."

அமலோற்பவம் இறங்கி ஸ்டாண்டைப் போட்டாள். "குத்தம்னு நீங்கதான சார் சொன்னிய. திரும்ப அதையே செய்யச் சொன்னா எப்படி?"

"அப்ப உருட்டிட்டு வா."

"ஐஸும் மீனுமா இந்தப் பாரத்த உருட்ட முடிஞ்சா நான் ஏன் சார் மோட்டார் வைக்கேன்? உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கும். நீங்களே ஓட்டுங்க."

டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வீறாப்பாக ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாயில் இடித்தன. சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து வழிந்த மீன் தண்ணீர் காக்கி பேண்ட்டை நனைத்தது. மெதுவாக எழுந்து பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, எடுத்துட்டுப் போ."

அமலோற்பவம் நகரவில்லை.

"லைசென்ஸ் இல்லாமலா சார்?"