தானாகத் திரும்பிய ஸ்டியரிங்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. எட்ட இருந்தால் இந்தக் கதையில் ஜீப்பு சத்தம்தான் கேட்கும், பேச்சு கேட்காது.

போடிக்கு மேற்கே மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் மரியபுஷ்பத்தின் ஒர்க்ஷாப் இருந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகளுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. அவளிடம் தொழில் பழகியவன் ஒச்சப்பன். வயசில் அவளைவிடப் பத்து மூத்தவன். காலையில் சொந்த ஜீப்பில் தோட்டத்துப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போவான். சாயங்காலம் இறக்கிக் கொண்டு வருவான். நடுப்பொழுதில் ஒர்க்ஷாப்பில் ஸ்பேனர் பிடிப்பான். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை மேஸ்திரி என்பான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

மலைப் பாதையில் பாறை பல்லை இளித்துக் கொண்டு நிற்கும். ஜீப்பின் வயிறு உரசும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஒச்சப்பன் யாரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தான். லாரி ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி வந்து ஜீப்பின் அடியில் அடுக்கினான். பெரிய டயராகப் பார்த்து மாட்டினான். வண்டி ஒரு சாண் எழும்பிவிட்டது.

ஸ்டாண்டில் இருந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"ஏப்பா ஒச்சு, ஜீப்ப வித்துட்டு யானை வாங்கிட்டியா?"

ஒச்சப்பன் மீசையைத் தடவிக் கொண்டான். யானைதான். பாறையெல்லாம் அதன் வயிற்றுக்கு அடியில் பொடிக்கல்லாகப் போனது.

அந்த யானைக்கு மதம் பிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை.

மலையில் அம்மிக்கல் வளைவு என்று ஒன்று உண்டு. பாதைக்குக் குறுக்கே அம்மி மாதிரி ஒரு பாறை படுத்திருக்கும். முன்சக்கரம் அதில் ஏறித் தொப்பென்று இறங்க வேண்டும். இடது பக்கம் கிடுகிடு பள்ளம். அந்த இடத்தில் சக்கரம் இறங்கியதும் ஸ்டியரிங் ஒச்சப்பன் கையிலிருந்து வெட்டிக் கொண்டு இடப்பக்கம் திரும்பியது. ஒரு தடவை எப்படியோ பிடித்து நிறுத்தினான். மறு தடவை முன்சக்கரம் பள்ளத்து விளிம்புப் புல்லில் போய்த்தான் நின்றது.

வண்டி நிறைய இருந்த பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கினார்கள். கூட்டத்துக்குத் தலைவி பேச்சி. டிரைவருக்கு வலப்பக்கம் ஒட்டி உட்காருகிற இடம் எப்போதும் அவளுக்குத்தான். அந்த ஊர் ஜீப்பில் டிரைவருக்கு அந்தப் பக்கமும் ஆள் உண்டு. டிரைவர் பாதி இடுப்பில் உட்கார்ந்துதான் ஓட்டுவான்.

"ஒச்சப்பா, உன் மேல எங்களுக்குக் கோவமில்ல. ஆனா வீட்டுல பிள்ளைக இருக்கு. திங்கக்கெழமையிலேருந்து வேற வண்டி பாத்துக்கிறோம்" என்றாள் பேச்சி. மிச்சத் தூரத்தை எல்லாரும் நடந்தே ஏறினார்கள்.

பேச்சி ஏறாத வண்டியில் மலையில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள். ஒச்சப்பனுக்கு அது தெரியும். மீசை முளைத்த நாளிலிருந்து அவன் ஓட்டுகிற பாதை அது.

ஒர்க்ஷாப்புக்கு வந்து ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினான். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான்.

"மேஸ்திரி, டை ராடு எண்டு போயிருச்சு. மாத்தணும்."

"மாத்துங்கண்ணே."

மாற்றினான். வெறும் வண்டியை எடுத்துக் கொண்டு போடி ரோட்டில் போய் வந்தான். நூல் பிடித்த மாதிரி போனது. மலையில் மூட்டை ஏற்றிக் கொண்டு போனால் அம்மிக்கல்லில் மறுபடி வெட்டியது.

"கிங் பின் பேரிங்தான் மேஸ்திரி."

"மாத்துங்கண்ணே."

அதுவும் ஆயிற்று. ரோட்டில் நூல், மலையில் வெட்டு.

"ஸ்டியரிங் பெட்டியே போச்சு மேஸ்திரி. சந்தேகமே இல்ல."

"மாத்துங்கண்ணே."

பெட்டியையும் மாற்றிவிட்டு மலைக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். ஒர்க்ஷாப் நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது.

"மேஸ்திரி, இத்தனையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

புஷ்பம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"நீங்க எங்கிட்ட எதையும் கேக்கலையேண்ணே. எல்லாத்தையும் சொன்னீங்க."

ஒச்சப்பன் குனிந்து ஸ்பேனரை எடுத்து அதன் இடத்தில் வைத்தான்.

"இப்பக் கேக்குறேன். இதுக்கு என்ன நோவு?"

"ஜாக்கிய எறக்குங்க."

"எறக்கிட்டா அடியில எப்பிடி மேஸ்திரி பாக்குறது?"

"தூக்கிப் பிடிச்சிருக்கையில எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கும். எறக்கிட்டுப் பேச்சியக்காவக் கூட்டிட்டு வாங்க. ஆளுகளோட."

"அவுக ஏற மாட்டோம்னு..."

"வண்டி நகராதுன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குக் கிளம்பிய கோலத்தில் பூவும் பையுமாகப் பெண்கள் வந்து நின்றார்கள். புஷ்பம் ஒரு சாக்பீஸை எடுத்து ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு கோடு போட்டாள்.

"அண்ணே, ஓட்டுற எடத்துல உக்காருங்க. கைய மடியில வச்சுக்கங்க. அக்கா, நீங்க எல்லாம் மலைக்குப் போற மாதிரியே ஏறுங்க."

"நிக்கிற வண்டியில ஏறுனா மேஸ்திரி டீ வாங்கித் தருமா?"

"வடையும் உண்டு. ஏறுங்கக்கா."

பேச்சிக்குக் கால் எட்டவில்லை. ஒருத்தி மேலே இருந்து இழுக்க, ஒருத்தி கீழே இருந்து தள்ள, மூச்சு வாங்கிக் கொண்டு ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"முன்னெல்லாம் நானா ஏறுவேன். இப்ப என்னைய ஏலக்கா மூட்ட மாதிரி ஏத்த வேண்டியிருக்கு" என்றாள். ஒச்சப்பன் காதில் வாங்காதவன் மாதிரி இருந்தான்.

பின்னால் ஆள் ஏற ஏற வண்டி அமுங்கியது. அப்போதுதான் பேச்சி பார்த்தாள்.

"எலேய், சும்மா இருக்க மாட்டியா? கைய எடு ஸ்டியரிங்க விட்டு!"

"கை மடியிலதாங்க்கா இருக்கு!"

இருந்தது. இரண்டு கையும் மடியில் இருந்தன. சாக்பீஸ் கோடு மட்டும் உச்சியை விட்டு நழுவிப் பக்கவாட்டுக்குப் போய் நின்றது.

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாருடி திருப்புறா?" என்றாள் ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளை ஒட்டிக் கொண்டு.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள் புஷ்பம். இறங்கினார்கள். கோடு மெல்ல உச்சிக்கு வந்தது.

"ஏறுங்க."

ஏறினார்கள். கோடு நழுவியது. இப்போது பயம் போய்விட்டது. சேர்ந்து குதித்தார்கள். குதிக்கிற குதிக்கு ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் ஆடியது. சாமியாடி மாதிரி ஆடுது பாருங்கடி என்று ஒருத்தி கத்த, சிரிப்பு தகரக் கூரையில் முட்டித் திரும்பியது.

ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"மேஸ்திரி... அப்ப எந்தச் சாமானும் கெடலையா?"

"நீங்க கழட்டுனது எல்லாம் நல்ல சாமான்ணே."

புஷ்பம் கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். "மேல் முனைய அமுக்குங்க."

ஒச்சப்பன் இறங்கி வந்து அமுக்கினான். அடிமுனை சர்ரென்று வழுக்கி எட்டப் போனது. அவனே விழப் பார்த்தான்.

கடப்பாரையைத் தரையில் கிடத்தினாள். "இப்ப அமுக்குங்க."

அமுக்கினான். அது எங்கே போகும்?

ஒச்சப்பன் மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு மண்ணில் மல்லாக்கப் படுத்து, ஆள் நிறைந்த வண்டியின் அடியில் தலையை நுழைத்தான். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் கை தொங்கும். அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்கு ஒரு நீளக் கம்பி போகும். படுக்கையாக இருக்க வேண்டிய கம்பி ஏணி மாதிரி சாய்ந்து கிடந்தது. வண்டியோடு கையும் மேலே போய்விட்டது. சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி அமுங்குகிறபோதெல்லாம் அந்தச் சாய்ந்த கம்பி ஒரு முனையில் சக்கரத்தையும் மறுமுனையில் ஸ்டியரிங்கையும் பிடித்துத் தள்ளியது.

இத்தனை நாளும் அவன் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. ஒவ்வொரு சாமானாக ஆட்டிப் பார்த்தவன், சாய்வை ஆட்டிப் பார்க்க முடியுமா?

"நாந்தான் செஞ்சேன்" என்று அடியிலிருந்தே சொன்னான்.

"வெளிய வாங்கண்ணே. அவுகளுக்கு வட வாங்கணும்."

வடை தின்று முடித்ததும் ஒச்சப்பனுக்குச் சுறுசுறுப்பு தாங்கவில்லை. "அந்தக் கைய அறுத்து நடுவுல ஒரு துண்டு வச்சு வெல்டிங்ல பத்தவச்சா நீளமாயிரும் மேஸ்திரி."

"ஸ்டியரிங் கையில பத்தவைக்கிறவன் மலையடிவாரத்துல தொழில் பண்ணக் கூடாதுண்ணே. சமவெளிக்குப் போயிரணும்."

பழைய வண்டி உடைக்கிற இடத்துக்கு இரண்டு பேரும் போய், ஸ்டியரிங் பெட்டியோடு பல்லுக்குப் பல் சேர்கிற, ஒரே வார்ப்பான நீளக் கை ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். ஒச்சப்பனே மாட்டினான். புதுக் கையின் முனை கீழே இறங்கி வந்து நின்றது. கம்பி தூங்குகிற பிள்ளை மாதிரி படுத்தது. புஷ்பம் மட்டும் அன்று ஒரு மூலையில் உட்கார்ந்து வேறு ஏதோ இரும்பில் துளை போட்டுக் கொண்டிருந்தாள். ஒச்சப்பன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பேச்சி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மேஸ்திரி ஏறுனா நாங்க ஏறுவோம்."

புஷ்பம் முதல் ஆளாக ஏறினாள். மடியில் ஒரு சாக்குப் பொட்டலம் இருந்தது.

அம்மிக்கல் வந்தது. பேச்சி தன் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். முன்சக்கரம் பாறையில் ஏறியது. நின்றது. தொப்பென்று இறங்கியது.

ஒச்சப்பன் கோட்டைப் பார்த்தான். அழிக்காமல் விட்ட சாக்பீஸ் கோடு. அது உச்சியிலேயே, நெற்றியில் இட்ட திருநீறு மாதிரி நின்றது. வண்டி வளைவைச் சொன்னபடி கேட்டுத் திரும்பியது. ஸ்டியரிங்கை அவன் பிடித்த மாதிரியே இல்லை. தொட்டுக் கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

முதல் குலவை பேச்சியுடையது. பிறகு வண்டியே குலவையாகப் போனது. எதிர்மலையில் அது மோதித் திரும்பி வந்தது.

"ஒச்சப்பா, பின்னாடி எடு!" என்றாள் பேச்சி.

"எதுக்குக்கா?"

"இன்னொருக்கா எறக்கு. நான் கண்ண மூடிட்டேன், பாக்கல."

பின்னால் எடுத்து மறுபடி இறக்கினான். மறுபடி குலவை. மேலே தோட்டத்தில் நின்றவர்கள் எங்கோ கல்யாணம் என்று நினைத்தார்களாம்.

தோட்டத்து வாசலில் வண்டி நின்றது. இளம்பெண்கள் குதித்து ஓடினார்கள். ஒச்சப்பன் முகம் கழுவிய மாதிரி இருந்தான்.

"மேஸ்திரி, ஒசத்துனது தப்பா?"

"யாரு சொன்னா? பாறை ஒரசாம வந்தோமே."

"அப்ப இன்னொண்ணு கேக்குறேன். நாளைக்கு இன்னொரு வண்டிய ஒசத்துறேன்னு வைங்க. எம்புட்டுக் கீழ எறக்கணும்னு எப்பிடித் தெரியும்?"

புஷ்பம் வண்டிப் பக்கம் திரும்பினாள். பேச்சி இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கப் போட்டுக் கொண்டு, கீழே தரையையும் ஒச்சப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடித்து இறக்கிவிட ஆள் இல்லை.

புஷ்பம் சாக்குப் பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே ஒரு இரும்பு மிதிப்படி. இரண்டு பக்கத்துக் காலிலும் வரிசையாகத் துளை. அதைப் பேச்சியின் இடத்துக்குக் கீழே வைத்து போல்ட்டை நுழைத்தாள்.

"காலை வைங்கக்கா."

பேச்சி காலை நீட்டினாள். எட்டவில்லை.

புஷ்பம் போல்ட்டை உருவி, படியை ஒரு துளை கீழே இறக்கினாள்.

"வைங்க."

கட்டைவிரல் மட்டும் தொட்டது.

இன்னும் ஒரு துளை இறக்கினாள். பேச்சியின் பாதம் முழுசாகப் படியில் பதிந்தது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, சேலையைச் சரிசெய்து கொண்டு, மகாராணி மாதிரி தரையில் இறங்கினாள்.

"இம்புட்டுண்ணே" என்றாள் புஷ்பம். நட்டை இறுக்கினாள்.