முப்பத்தெட்டு வீக்கமும் ஒரு வயித்து வலியும்

குருவுக்கு வயசு இருபத்தாறு. சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. சிஷ்யை நான்தான். முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் குறை சொல்லக் கூடாது.

குரு பேரு டைட்டஸ். பாளையங்கோட்டையில ஒரு டயர் கடைக்கு மேல, வெளிநாடு போற நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றார். என் பேரு ஜெபக்கனி. பதினாலு வருஷமா வார்டுல நர்ஸ். அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி வேலை தர்றேன்னு சொல்லியிருக்கு. அதுக்குப் பேச்சுப் பரீட்சை பாஸாகணும். ரெண்டு தடவை ஃபெயில். வர்ற சனிக்கிழமை மூணாவது. இதுவும் போச்சுன்னா அந்த வேலை வேற ஆளுக்கு.

பரீட்சை பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. எதிர்ல உக்காந்திருக்கவங்க நோயாளி மாதிரி நடிப்பாங்க. நாம நர்ஸா அஞ்சு நிமிஷம் பேசணும். பதினாலு வருஷமா நடிக்காமலே பண்ற வேலை. அதுல போய் என்னைய ஃபெயிலாக்கிட்டாங்க.

திங்கக்கிழமை நேரா சார் முன்னாடி போய் நின்னேன்.

"சார், நீங்க குடுத்த லிஸ்ட் அம்புட்டும் படிச்சிட்டேன். 'ஐட்டிஸ்'ல முடியுற வீக்கம் முப்பத்தெட்டு. 'எக்டமி'ல முடியுற, வெட்டி எடுக்குற ஆபரேஷன் இருபத்தாறு. அர்த்தத்தோட. கேளுங்க."

"ரைனைட்டிஸ்?"

நான் படிச்சது வரிசையா. நடுவுல இருந்து உருவ வராது. "அப்பெண்டிசைட்டிஸ், குடல்வால் வீக்கம். ஆர்த்ரைட்டிஸ், மூட்டு வீக்கம். பிராங்கைட்டிஸ், மூச்சுக்குழாய் வீக்கம். கன்ஜங்டிவைட்டிஸ், மெட்ராஸ் ஐ..."

ரைனைட்டிஸ்னா மூக்கு வீக்கம். அந்த மூக்குக்கு நான் வந்து சேர்றதுக்குள்ள சார் ஒரு பாட்டில் தண்ணி குடிச்சு முடிச்சிட்டார்.

"பரீட்சையிலயும் இப்படித்தான் சொன்னீங்களா சிஸ்டர்?"

"அந்தம்மா தொண்டை வலின்னாங்க. நான் குடல்வால்ல ஆரம்பிச்சேன். கல்லீரல்கிட்ட வரும்போது மணி அடிச்சிட்டாங்க. தொண்டைக்கு இன்னும் ஏழே ஏழு வார்த்தைதான் பாக்கி."

பக்கத்துல இருந்த சுபைதா சிரிப்ப அடக்குனா. அவளும் நர்ஸ்தான், ஒரே தடவையில பாஸாயிருவாளாம். பாக்கத்தான போறேன்.

"ஒரு வார்த்தை தப்பா சார்? ஒரு அர்த்தம் தப்பா? பின்ன ஏன் ஃபெயில்? இன்னைக்குப் பதில் வாங்காம போக மாட்டேன்."

சார் மெதுவா பெஞ்சுல சாஞ்சு படுத்தார். வயித்தப் பிடிச்சுக்கிட்டார்.

"சிஸ்டர், வயிறு வலிக்குது."

குருமாருங்க கேள்விக்கு வாயால பதில் சொல்ல மாட்டாங்க, செஞ்சு காட்டுவாங்கன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். சரி, சோதிக்கிறாரு. விடுவேனா?

"சார், தமிழ்ல பேசினா மார்க் போகும்னு நீங்கதான் சொன்னீங்க."

"பெயின்," அப்படின்னார்.

ஆரம்பிச்சேன். குடல்வால், மூட்டு, மூச்சுக்குழாய். இந்தத் தடவை நல்ல வேகம். அவரு நெத்தியெல்லாம் வேர்த்துருச்சு.

"சூப்பரா நடிக்கிறீங்க சார்," அப்படின்னா சுபைதா.

"செத்துருவேன் போல இருக்கு சிஸ்டர்."

"சாவு சம்பந்தப்பட்ட வார்த்தையெல்லாம் ஒன்பதாவது லிஸ்ட் சார். அத நீங்க இன்னும் குடுக்கல."

அப்பதான் சார் வாந்தி எடுத்தார். என் செருப்பு மேல. பாடம் நடத்துறதுக்காக எந்தக் குருவும் அவ்வளவு தூரம் போக மாட்டான்.

கைய வச்சுப் பாத்தேன். உடம்பு கொதிக்குது. அடிவயித்துல வலது பக்கம் மெல்ல அமுக்கினேன், விட்டேன். விடும்போதுதான் கத்தினார். சுபைதாவ ஆட்டோ பிடிக்க ஓடச் சொன்னேன். சார கைத்தாங்கலா இறக்கி உள்ள ஏத்துனோம். ஹை கிரவுண்ட் பெரியாஸ்பத்திரி வர்ற வரைக்கும் அவரு கைய நான் விடல. எங்க வலிக்குது, எப்ப இருந்து, கடைசியா என்ன சாப்பிட்டீங்க, என்னையப் பாருங்க, மூச்ச இழுத்து விடுங்க, நான் இருக்கேன்ல, இன்னும் ரெண்டு தெருதான்.

"அக்கா, நீ வழி பூரா இங்கிலீஷ்லதான் பேசுன," அப்படின்னா சுபைதா அப்புறமா. "ஆட்டோக்காரர்கிட்டயும்."

எனக்குத் தெரியல. நான் சார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கே ஆபரேஷன். வியாழக்கிழமை பாக்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன், கோவத்தையும் விடாமக் கொண்டு போனேன்.

"சார், உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க படுத்தது பாடமா, வலியா?"

"ஏழு தையல் போட்டிருக்கு சிஸ்டர். உங்க ஒரு ஆளுக்காக நான் இம்புட்டுப் பண்ணுவேனா?"

"அப்ப என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. நாளை மறுநாள் பரீட்சை. அயர்லாந்துக்காரன் ஒங்க தையல் காயுற வரைக்கும் காத்திருக்க மாட்டான்."

சார் ஆரஞ்சுச் சுளை ஒண்ண எடுத்தார். நர்ஸ் திட்டுவாங்கன்னு திரும்ப வச்சார்.

"எனக்கு வந்தது என்னன்னு டாக்டர் சொன்னாரா உங்ககிட்ட?"

"அவரு என்ன சொல்றது. அமுக்குனப்பவே எனக்குத் தெரியும். லிஸ்ட்ல முதல் வார்த்தை."

"ஆட்டோவுல அத எத்தன தடவை சொன்னீங்க?"

யோசிச்சுப் பாத்தேன்.

"ஒரு தடவைகூட சொல்லல சார். அந்த அவசரத்துல மறந்தே போச்சு."

சார் கண்ண மூடிக்கிட்டார்.

"சனிக்கிழமையும் அந்த லிஸ்ட்ட மறந்துருங்க, சிஸ்டர்."