சொட்டு காத்த திவான்

செங்கழனி ராஜாவுக்குச் சாப்பாட்டில் பிரியம் அதிகம். புதுமையில் அதைவிடப் பிரியம். ஆகவே சீமையிலிருந்து ஒரு பாய்லர் வந்து அரண்மனைச் சமையற்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தது. அதன் ஆவியில் ஐந்நூறு இட்லி ஒரே ஈட்டில் வெந்தது.

ஆவிக் குழாய் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் இரும்புச் சிமிழ் உண்டு. பாய்லர்காரர் சவரிமுத்து அதை 'டிராப்' என்பார். ஆவியை உள்ளே நிறுத்திவிட்டு, குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே சொட்டவிடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

அந்தச் சொட்டு திவான் பரங்கிரியார் கண்ணில் பட்டது. ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டதாக மனிதர் பூரித்துப்போனார். "அரண்மனைக்குள் வந்த நீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது" என்று உத்தரவு எழுதி, ராஜமுத்திரையும் வாங்கி, டிராப் வாயிலெல்லாம் கட்டை அடித்துவிட்டார்.

மறுநாள் இட்லி மாவாகவே வந்தது. ராஜா பசியில் குதித்தார். "எல்லாம் பாய்லர்காரன் சோம்பல்" என்றார் திவான். நாளைக்கும் இட்லி வேகாவிட்டால் சவரிமுத்து குடும்பத்தோடு நாட்டைவிட்டே போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சவரிமுத்து அரசவை விகடன் கூத்தையனிடம் ஓடினார். "ஐயா, டிராப்பைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு கெடக்கு. வடியாத தண்ணி குழாய் பூரா நிக்குது. ஆவிக்கு எடம் ஏது? இதைச் சொன்னா, முத்திரை போட்ட உத்தரவையே எதிர்க்கிறியான்னு திவான் அடிக்க வர்றாரு."

கூத்தையன் தொட்டுப் பார்த்தான். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் அவன் விருந்து வைப்பான்.

அன்று மாலையே சபையில் திவானுக்குப் பாராட்டு. "சிக்கனச் சிங்கமே!" என்று இளநீர் நீட்டினான். "சொட்டு காத்த செம்மலே!" என்று நீர்மோர். புகழ் இனித்ததில் ஏழு செம்பு இறங்கியது. எட்டாவதில் திவான் மெல்ல எழுந்தார். கூத்தையன் சொல்லி வைத்திருந்த காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"எங்கே எசமான்?"

"கொல்லைப் பக்கம்தானப்பா."

"உள்ளே வந்த நீர் வெளியே போகக்கூடாதுங்களே. உங்க உத்தரவுதானுங்க."

திவான் திரும்பி வந்தார். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. ராஜாவோ சாவகாசமாகக் கேட்டார்: "திவானே, பெரிய ஏரி மதகை என்ன செய்யலாம்?"

"திறந்துவிடலாம், மகாராஜா! எல்லாவற்றையும் திறந்துவிடலாம்!"

"என்னய்யா உளறுகிறீர்?"

"வெளியே விட்டால்தான் மகாராஜா, என்னால் ஒரு வேலை பார்க்க முடியும்!" என்று அலறினார் திவான்.

கூத்தையன் கைகூப்பினான். "டிராப்பும் நேற்றிலிருந்து இதையேதான் சொல்கிறது, மகாராஜா. அதைக் கேட்டுச் சொன்னவனைத்தான் நாடு கடத்தப் போகிறோம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவு அங்கேயே கிழிந்தது. ஈட்டி விலகியதும் திவான் ஓடிய ஓட்டத்தைக் குதிரைலாயத்தில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். கட்டைகளைப் பிடுங்கியதும் குழாய்கள் குடம் குடமாய்க் கொட்டின. விடிந்ததும் இட்லி பூவாக வெந்தது. சவரிமுத்து வீட்டில் கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

ராஜா கூத்தையனுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டுக் கேட்டார்: "இனி டிராப்புகளைத் தினமும் தொட்டுப் பார்த்துச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். யாரைப் போடலாம்?"

"திவானையே போடுங்கள், மகாராஜா. அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று சமஸ்தானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்."