பச்சைக் கூண்டும் மஞ்சள் கூண்டும்

தாமிரபரணிக் கரையோரம் ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. தோலில் கட்டி எப்படி வருகிறது என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை சூடாமணி மேடம். கோபம் வந்தால் குரலை ஏற்ற மாட்டார், இறக்குவார். அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவரிடம் பதினோரு வருஷமாக இருந்தவர் வேதமாணிக்கம். நாகர்கோவில்காரர். நாற்பதைத் தாண்டியாயிற்று. மேடத்துக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதுகூட அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலப்பாளையத்திலிருந்து தில்ஷாத் வந்து சேர்ந்தாள். அன்றோடு வேதமாணிக்கத்தின் கண்ணுக்கு ஓய்வு போயிற்று.

மேடம் தன் பிளாஸ்க்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றினார். வேதமாணிக்கம் பார்த்தார். தன்னுடைய நோட்டை மேடம் உட்கார்ந்து படிப்பார். அவளுடைய நோட்டை, உட்காரவும் மறந்து நின்றுகொண்டே படித்தார். அதையும் பார்த்தார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"மேடம், என்கிட்ட இல்லாதது அந்தப் பிள்ளைகிட்ட என்ன இருக்கு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அவளோட எலியில கட்டியை இனிமே நீ எண்ணு, வேதம்," என்றார்.

அவ்வளவுதான் பதில்.

அந்த எலி விவகாரம் என்னவென்றால், கொசு கடித்தால் தோல் தடித்து அரிக்கிறதே, அதிலிருந்து தொடங்க வேண்டும். தோலுக்குள்ளே காவல் செல்கள் உண்டு. ஏதாவது உறுத்தினால் அவை மடியை அவிழ்த்து ஹிஸ்டமின் என்ற சரக்கைக் கொட்டும். அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அது ஒரு சேதி. நமக்கு அது அரிப்பு.

வேதமாணிக்கத்துக்குப் பதினோரு வருஷமும் ஒரே பேச்சு. "கட்டிக்குச் சோறு போடுறதே இந்த ஹிஸ்டமின்தான். ரத்தத்தைக் கூப்பிட்டு விடுது, கட்டி உட்கார்ந்து திங்குது."

வந்த மூன்றாம் மாதமே தில்ஷாத் கேட்டாள்: "சரி அண்ணாச்சி. அது ஒரு சொட்டுகூட இல்லாத உடம்புல என்ன ஆகும்?"

கேள்வியைத் தன் நோட்டிலும் எழுதிவைத்தாள். மேடம் அன்றைக்குத்தான் நின்றுகொண்டே நோட்டைப் படித்தது.

ஹிஸ்டமினே செய்யத் தெரியாமல் பிறக்கிற எலி வகை ஒன்று உண்டு. அதில் இருபது, சாதாரண எலி இருபது வரவழைத்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். முதுகு மயிரை மழித்து, கட்டி கிளப்புகிற மருந்தை எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் தடவினார்கள். ஹிஸ்டமின் இல்லாத எலிக்குக் கட்டி குறைந்தால் வேதமாணிக்கம் சொன்னது சரி. கூடினால் அவருடைய பதினோரு வருஷமும் தண்ணீரில் போச்சு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ணுகிறவருக்கு எது எந்த எலி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு கண்ணை இழுத்துவிடும். ஆகவே மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, தனியாளாக ஒரு வகைக் கூண்டுகளுக்குப் பச்சைச் சீட்டும் மறு வகைக்கு மஞ்சள் சீட்டும் ஒட்டினார். எது எதுவென்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்துத் தன் அலமாரியில் பூட்டினார். தில்ஷாத்துக்கே தெரியாது.

எண்ணவும் ஒரு கணக்கு உண்டு. கேழ்வரகைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு வாரம் அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் அது கட்டி. மற்றதெல்லாம் புண்ணோ பொருக்கோ.

வேதமாணிக்கம் எண்ணப் போனார். கண் எலிமேல் இல்லை, தில்ஷாத் மேல் இருந்தது.

அவள் எலி அறைக்குள் வந்தால் பச்சைக் கூண்டுகள் இருக்கிற மூலைக்குத்தான் போனாள். அங்கேயே நின்றாள். மஞ்சள் பக்கம் வேலை முடித்த கையோடு திரும்பிப் பச்சைப் பக்கம் வந்து நின்றாள். வாரா வாரம் இதே கதை.

'ஓகோ,' என்றது வேதமாணிக்கத்தின் மனசு. 'இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மேடம் சொல்லிட்டாங்க. எனக்குச் சொல்லாததை இவளுக்குச் சொல்லிட்டாங்க. பச்சைதான் இவளோட ஹிஸ்டமின் இல்லாத எலி. அதான் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறா. பச்சையில கட்டி குறைஞ்சா ஜெயிக்கிறது நான்.'

அந்த வெள்ளிக்கிழமை பச்சைக் கூண்டில் ஒரு எலியைக் கையில் எடுத்தார். முதுகில் ஒரு கட்டி, கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரிசு. கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டார்.

மஞ்சள் கூண்டில் ஒரு எலியை இன்னொன்று கடித்து வைத்திருந்தது. பொருக்கு. கட்டி மாதிரியும் தெரிந்தது. ஒன்று என்று எழுதினார்.

பொய் என்று அவருக்கே தோன்றவில்லை. ஒவ்வொன்றாகத்தானே நடந்தது.

ஆறு வாரம் போயிற்று. உறை திறக்கிற நாள் வந்தது. மேடம், தில்ஷாத், வேதமாணிக்கம், எலிக்குத் தீனி வைக்கிற பிச்சையா, நாலு பேர்தான்.

"வாசி, வேதம்," என்றார் மேடம்.

"பச்சை, பதினெட்டுக் கட்டி. மஞ்சள், எழுபத்தொண்ணு."

பிச்சையா வாயைப் பிளந்தார். மேடம் அரக்கை உடைத்துத் தாளைப் பிரித்தார்.

"பச்சை, சாதாரண எலி. மஞ்சள், ஹிஸ்டமின் இல்லாத எலி."

வேதமாணிக்கம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

தில்ஷாத் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து வேதமாணிக்கத்தின் பக்கம் வந்தாள்.

"அண்ணாச்சி, இதை நான் எண்ணியிருந்தா ஊர் நம்பாது. உங்களுக்குப் பிடிக்காத முடிவை நீங்களே எண்ணிக் கொடுத்திருக்கீங்க. வேற யாருக்கு வரும் இந்த மனசு?"

"அப்ப அரிப்பு நல்லதா மேடம்?" என்றார் பிச்சையா. "எனக்கு டாக்டர் அரிப்பு மாத்திரை கொடுத்திருக்காரே. நிறுத்திரட்டுமா?"

"நிறுத்தினா உன்னைத்தான் கூண்டுல போடுவேன்," என்றார் மேடம். "இது எலி, ஓய். இதே சரக்கு வேற இடத்துல, செல்லுங்க அந்தச் சேதியை வேற மாதிரி கேட்டா, கட்டியை வளர்க்கவும் செய்யும். வேதம் சொன்னதும் வெறும் பேச்சு இல்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வேதமாணிக்கம் இரண்டு வருஷம் ஏங்கிக் கிடந்தார். வந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலையில் தில்ஷாத் கட்டுரை எழுத உட்கார்ந்திருந்தாள். வேதமாணிக்கத்தைக் கண்டதும் திரையைக் காட்டினாள்.

"பாருங்க அண்ணாச்சி. 'கட்டிகளை எண்ணியவர்: வேதமாணிக்கம்.' இனிஷியல் ஒண்ணா, ரெண்டா?"

அவர் நேராக மேடத்தின் அறைக்குப் போனார். நோட்டை மேசையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடணும் மேடம்."

"ஏன்?"

"பொய்க் கணக்கு."

மேடம் குரலை இறக்கினார். "யாரோட பொய்?"

"என்னோடது. பச்சைதான் அவ எலின்னு நினைச்சேன். அதைக் குறைச்சேன், மஞ்சளை ஏத்தினேன். அவ தோற்கணும்னு செஞ்சேன். மாறிப்போச்சு. இப்ப அவ வெளியிட்டா, நாளைக்கு வேற ஊர்ல யாராவது செஞ்சு பார்ப்பான். இவ்வளவு வராது. அவளைத்தான் பொய்க்காரின்னு சொல்லுவாங்க."

"சொன்னா உனக்கு நல்லதுதானே?"

"நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"பச்சைதான்னு யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. அவ எப்பவும் அந்த மூலையிலதான் நிப்பா."

மேடம் கதவைத் திறந்து தில்ஷாத்தைக் கூப்பிட்டார்.

"பச்சைக் கூண்டுப் பக்கம் ஏன் நிப்பே நீ?"

"அங்கேதான் மேடம் ஏசிக் காத்து இறங்குது," என்றாள் அவள் வெகுளியாக. "அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு வேகுது. ஏன், நிக்கக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. வேதமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டே நடந்ததை அவளிடமும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

தில்ஷாத் முகம் கறுத்துவிட்டது.

"நேத்து உங்களுக்காக எங்க உம்மாவைத் தொழுகையில துஆ கேட்கச் சொன்னேன் அண்ணாச்சி," என்றாள். "அதை இப்ப எப்படித் திருப்பி வாங்க?"

வேதமாணிக்கம் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எலி இன்னும் உசுரோடதானே இருக்கு?" என்று எழுந்தார் மேடம். "வாங்க."

பிச்சையா சீட்டுகளை உரித்தார். கூண்டின் அடியில் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்த நிறம் என்ற தாளை மேடத்திடம் கொடுத்துவிட்டு, கூண்டுகளைக் கலைத்து வைத்தார். மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேதமாணிக்கமும் தில்ஷாத்தும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் எலியைப் பிடிக்க, ஒருவர் தொட்டு எண்ண, இருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் பிச்சையா எழுதுவார்.

"ரெண்டு."

"ரெண்டு."

"இது கட்டி."

"இது கடிவாய், அண்ணாச்சி. பொருக்கு. நல்லாப் பாருங்க."

"ஆமா. பொருக்கு."

மத்தியானம் ஆகிவிட்டது. மேடம் தாளை வைத்து நிறம் பிரித்தார், கூட்டிப் பார்த்தார்கள். பச்சையில் முப்பத்து மூன்று. மஞ்சளில் நாற்பத்தேழு.

எழுபத்தொன்று இல்லை. ஆனாலும் மஞ்சள்தான் கூடுதல். தில்ஷாத் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மேடம் அப்படி?" என்று பிச்சையா கேட்டார். "அரிக்கிற சரக்கு இல்லாட்டா நிம்மதியாத்தானே இருக்கணும்?"

மேடம் தில்ஷாத்தைப் பார்த்தார். அவள் தாளைக் கீழே வைத்தாள். பிறகு பிச்சையாவிடம் சொன்னாள், வேதமாணிக்கத்தைப் பார்க்காமல்.

"எலும்புக்குள்ள இருந்து இன்னொரு வகைக் காவல் செல் கிளம்பி வரும் அண்ணாச்சி. வரும்போது அது விடலை. ஹிஸ்டமின் கொட்டி உறுத்தினாத்தான் அது ஆளாகும்னு நினைக்கேன். உறுத்தலே இல்லைன்னா விடலையாவே நின்னுரும். நின்னு, கட்டியைச் சுத்திக் கூட்டம் போட்டு, அதுக்கே பந்தல் கட்டிக் கொடுத்துரும். இனிமேதான் அதைப் பார்க்கணும்."

வேதமாணிக்கம் நோட்டை எடுத்தார். பழைய பக்கத்தைக் கிழிக்கக் கை போயிற்று.

"கிழிக்கக் கூடாது," என்றார் மேடம். "பதினோரு வருஷமா என்ன படிச்சே? தப்பு எழுதினா ஒரே கோடு. கீழே இருக்கிறது தெரியணும். பக்கத்துல காரணம், கையெழுத்து."

பதினெட்டின் மேல் ஒரு கோடு போட்டார். எழுபத்தொன்றின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் காரணம் எழுதினார். ஒரு சொல்தான். தில்ஷாத் எட்டிப் பார்த்தாள்.

"பேனாவைக் குடுங்க அண்ணாச்சி," என்றாள்.

சாட்சி என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிச்சையாவோடு கூண்டுகளைத் திரும்ப அடுக்கப் போய்விட்டாள். ஏசிக் காற்று இறங்குகிற மூலையில் நின்றாள்.

வேதமாணிக்கம் அங்கே பார்த்தார். பார்த்ததுமே உள்ளே மறுபடியும் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும்.

"மேடம், நான் போயிடட்டுமா?"

"எங்கே?"

"எங்கேயாவது. இப்பகூட உள்ளே பிடுங்குது. வெட்கமா இருக்கு. இந்தப் பொறாமை ஒரு சொட்டுகூட இல்லாத மனுசனா ஆகணும் எனக்கு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, இங்கேயே கிடக்கேன்."

மேடம் பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"மஞ்சள் கூண்டுல எத்தனை கட்டி எண்ணினே, வேதம்?"

"நாப்பத்தேழு, மேடம்."

"அதுகளுக்கு உறுத்தலே இல்லாத அந்த வழி பிறக்கும்போதே கிடைச்சிருந்துச்சு," என்றார் மேடம்.